கடற்கரை மேடைக்குக் காதுதான் முதலீடு

கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் கல்யாண வரவேற்பு என்றாலே இப்போது டிஜேவும் கூடவே வருகிறார். அந்த மேடையில் நிற்க ஆசைப்படும் இளைஞர்கள் செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் உண்டு. எந்த கன்சோல் வாங்கலாம் என்று அவர்கள் விசாரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: பாட்டை எண்ணிக் கேட்கப் பழகுவது.

இப்படிக் காதை நம்பிய டிஜேக்களில் ஒருவர், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு சுழற்றினார். கூட்டம் எந்தத் தாளப் பகுதிக்கு எழுந்து ஆடுகிறது என்று கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தப் பகுதியை மட்டும் நீட்டும் முறையை உருவாக்கினார். லேப்டாப்பும் பென்டிரைவும் வந்த பின்னும் டிஜேயின் வேலை கூட்டத்தைக் கவனித்துப் பாட்டைக் கையாள்வதுதான்.

எண்ணுவது எப்படி? ஆட்டப் பாடல்கள் பெரும்பாலும் நாலு நாலு தட்டாக நகரும். எட்டு முறை நாலு, அதாவது 32 தட்டில் ஒரு சுற்று முடியும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகமுள்ள பாட்டில் அந்தச் சுற்று 16 விநாடி. அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டுத் தயாராக வைத்து, சுற்று தொடங்கும் முதல் தட்டில் விட வேண்டும். இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் முட்டக் கூடாது. ஒன்றைக் குறைத்துத்தான் மற்றதை ஏற்ற வேண்டும். இரண்டின் சுருதியும் ஒத்துப்போனால் இன்னும் நல்லது.

நம் பாடல்களில்தான் உண்மையான சோதனை. குத்துப்பாட்டுகள் பல திச்ர நடையில், மூன்று மூன்றாக ஓடுபவை. நாலின் கணக்குக்கு ஏற்ப அமைந்த மென்பொருள் அவற்றின் வேகத்தைத் தப்பாகக் காட்டுவதுண்டு. எழுபது, எண்பதுகளின் பாடல்களில் தாளத்தைப் பெரும்பாலும் கலைஞர்கள் கையால் வாசித்தார்கள். வேகம் இம்மியளவு கூடும், குறையும். அங்கே இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை நம்பினால் மேடையிலேயே தாளம் சிதறும். ஒரு நடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பாடல்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், பறை தனியாக ஒலிக்கும் இடத்திலோ பாட்டு ஒரு கணம் நிற்கும் இடத்திலோ வெட்டி மாறுவதே சரி. அந்த இடத்தைக் காதால் மட்டுமே பிடிக்க முடியும்.

கடற்கரைக்கென்று தனிப் பாடமும் உண்டு. சுவரில்லாத வெளியில் பேஸ் கரைந்துபோகும், காற்று ஓசையை இழுத்துச் செல்லும், உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. எனவே இரவின் உச்சப் பாட்டை ஒன்பதரைக்கே திட்டமிடத் தெரிய வேண்டும். பத்து மணிக்கு மேல், மீனவக் குப்பங்களில் விடியும் முன்பே கடலுக்குப் போகிறவர்கள் உறங்கும் நேரம். இந்த விதியை மனதார மதிக்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சட்டமும் உண்டு: கல்யாணத்தில் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. டிக்கெட் விற்கும் புத்தாண்டு விருந்துக்கு அது இல்லை, உரிமம் வேண்டும்.

ஆகவே தம்பி, தங்கைகளே, கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள். இலவச மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றிப் பழகுங்கள். உங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரருடன் ஒரு முகூர்த்த சீசன் முழுக்கப் போய், ஒயர் இழுத்து, ஸ்பீக்கர் தூக்கி, எந்தப் பாட்டுக்கு யார் எழுந்து ஆடுகிறார்கள் என்று பாருங்கள். கன்சோலை அதற்குப் பிறகு வாங்கலாம்.