நார் பட்ட கார்!

"கார் துடைப்பதில் என்ன பிரமாத வித்தை இருக்கிறது? முப்பது வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இது ஒரு வேலையா?" இப்படி நினைத்துத்தான் அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால், உங்களில் நாலு பேருக்காவது அது மிச்சமாகுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னை திருவான்மியூரில் இருக்கிறது. என் கணவர் 2012-ல் ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் ஒரு சின்ன கார் வாங்கினார். நல்ல கருநீலம். எங்கள் குடும்பத்துக்கே அதுதான் முதல் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குக் காப்பிகூட அப்புறம்தான், முதலில் கார். "கட்டின பெண்டாட்டியை ஒரு நாளாவது இப்படித் தாங்கியிருக்கீங்களா?" என்று நான் கேலி செய்வேன்.

2021-ல் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆயிற்று. மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கார் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நின்றது. அவர் பால்கனியில் உட்கார்ந்து அதையே பார்ப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

ஒரு நாள் அவர் தூங்கும் நேரம் பார்த்து நான் இறங்கினேன். மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். வாளி நிறைய சோப்புத் தூள் நுரை, கையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். காய்ந்த எச்சத்தை அழுத்தித் தேய்த்தேன். எச்சம் போயிற்று. ஈரத்தில் கார் கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு ஒரே பெருமை!

மறுநாள் காலை வெயில் பட்டபோதுதான் தெரிந்தது. பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள். அவர் பால்கனியிலிருந்து பார்த்தார். "பரவாயில்லைம்மா, இரும்புதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று முழுக்க அவர் பால்கனிப் பக்கமே வரவில்லை.

பாய் சொன்ன பாடம்

காரை எடுத்துக்கொண்டு, நாங்கள் வழக்கமாகப் போகும் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே பெயிண்ட் அடிக்கிற வயதான பாய் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நார் போட்டீங்களா?" என்றார். தலையை ஆட்டினேன்.

"இரும்பு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், அதுக்கும் மேல நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும்மா. கிளியர் கோட்னு பேரு. பளபளப்பு பூரா அதுலதான். அது ஒரு தலைமுடி கனம்கூட இல்ல. அதுல போயி நாரைப் போடலாமா?"

பாய் சொன்னது கணக்குக்கும் சரியாக இருக்கிறது. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். அன்று ஒன்று புரிந்தது. அழுக்கு கெடுப்பதைவிட, அதை அவசரமாக எடுக்கிற கைதான் பெயிண்டை அதிகம் கெடுக்கிறது. தினமும் காலையில் காய்ந்த துணியால் 'தூசி தட்டுகிறோமே', அதுவும் தப்புதான். தூசியில் இருக்கும் மணல், துணியோடு சேர்ந்து உப்புக் காகிதமாகிவிடும். ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார் துடைக்கும் அடுக்குமாடி வழக்கமும் அப்படியே.

கழுவும் முறை

இப்போது நான் செய்வது இதுதான். காலை ஏழு மணிக்குள், நிழலில், பானெட் கைக்குச் சில்லென்று இருக்கும்போது ஆரம்பிப்பேன். வெயிலில் கழுவினால் சோப்பு நீர் அங்கங்கே காய்ந்து திட்டாகிவிடும்.

முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலை இறக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர். இன்னொன்றில் நல்ல நீர். மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பு நீரில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்பு நீரில் விடவேண்டும். மணல் அலசும் வாளியிலேயே தங்கிவிடும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். வட்டமாக அல்ல, நேர்கோட்டில் துடையுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. துணி தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதற்கு லீவு!

சோப்புத் தூளும், பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அவை அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் கழற்றிவிடும்.

உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடினநீர். தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். விழுந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியால் ஒற்றி, ஒரு நிமிஷத்தில் கழுவிவிடுங்கள்.

இதற்கெல்லாம் நாலு வாளித் தண்ணீர் போதும். ஹோஸைத் திறந்துவிட்டால் நூறு லிட்டர் போவதே தெரியாது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை மறக்க முடியுமா? 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள்.

எச்சமும் குங்குமமும்

பறவை எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் சூடான பெயிண்டில் அது அரித்து, தழும்பாகப் பதிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டுவையுங்கள். ஊறியதும் தேய்க்காமல் வழித்து எடுங்கள்.

இன்னொன்று, ஆயுத பூஜை. பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அது உதிர்கிற வரை விட்டுவிடுவது நம் வழக்கம். எங்கள் காரில் அது ஒரு நிழல்போலக் கறை விட்டது. இப்போது நம்பர் பிளேட்டில் பொட்டு வைக்கிறேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை!

பாலிஷ் வேறு, வேக்ஸ் வேறு

இரண்டும் ஒன்று என்றே நான் நினைத்திருந்தேன். பாய் அழகாகச் சொன்னார்: "பாலிஷ் சீவுறது, வேக்ஸ் போர்த்துறது." பாலிஷ் மேல்பூச்சைத் துளி சீவிக் கீறலை மழுப்பும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. ரப்பிங் காம்பவுண்ட் அதைவிடக் கடுமை. அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

பாலிஷுக்கு முன் ஒரு சோதனை உண்டு. கழுவிய காரின் மேல், கையை மெல்லிய பாலிதீன் பையில் நுழைத்துத் தடவிப் பாருங்கள். ரவை போல நறநறத்தால் தூசி ஒட்டிப் பதிந்திருக்கிறது. அதை எடுக்க 'கிளே' என்ற மெத்தென்ற கட்டி கடையில் கிடைக்கும். ஷாம்பு நீர் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும்.

பிறகு மிதமான பாலிஷை ஸ்பாஞ்சில் தொட்டு, இரண்டடிக்கு இரண்டடியாகத் தேய்த்துத் துடைத்தெடுத்தேன். வலை போன்ற கீறல்களில் முக்கால்வாசி மங்கிப் போயின. நகத்தை வைத்தால் தட்டுகிற ஆழமான கீறலுக்கு மட்டும் பாலிஷ் உதவாது. அதில் இரும்பு தெரிந்தால் உடனே டச்-அப் பெயிண்ட் வையுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறிவிடும்.

கடைசியாக வேக்ஸ். பெயர்பெற்ற கார்னபா மெழுகு, பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து கிடைக்கிறது. மெல்லிசாகப் பூசி, லேசாக உலர்ந்ததும் துடைத்துவிட வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. பரவி நின்றால் மறுபடி பூசும் நாள் வந்துவிட்டது. எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படுகிறது. உறை போடுகிறவர்கள், ஈரமான அல்லது தூசி படிந்த கார் மேல் போடாதீர்கள்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். கீழ்ப்பகுதியைக் குனிந்து துடைக்காமல், முக்காலி போட்டு உட்கார்ந்து செய்தால் இடுப்பு பிழைக்கும். பாலிஷ் தொடும்போது கையுறை போடுங்கள். வாளியைப் பாதிதான் நிரப்புங்கள்.

நான் பாலிஷ் போட்ட அன்று, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் தானாகவே படியிறங்கி வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்கே விட்டுட்டே பாரு, கதவு ஓரம்" என்று அதிகாரம் பண்ணினார். முன்பென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்று அந்த அதட்டலைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, வேக்ஸ் மட்டும் அவர் வேலையாகிவிட்டது.

பானெட்டில் ஒரே ஒரு ஆழமான கீறல் இன்னும் இருக்கிறது. "பட்டறையில் கொடுத்து எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "இது எங்க வீட்டம்மா போட்ட கையெழுத்து" என்கிறார்!