காரில் லீக்கா? கிச்சனில் இருக்கும் எதெல்லாம் கைகொடுக்கும், எதெல்லாம் இன்ஜினைக் காலி பண்ணும்?

1893, டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு வாடகை வீட்டு சமையலறை. பாத்திரம் கழுவும் சிங்க்கில் ஒரு குட்டி இன்ஜினை இறுக்கிக் கட்டியிருந்தார் ஹென்றி ஃபோர்டு. கேஸ் பைப் துண்டுதான் சிலிண்டர். பழைய லேத் மெஷினின் கைச்சக்கரம்தான் ஃப்ளைவீல். ஸ்பார்க்குக்கு வீட்டு கரன்ட். மனைவி கிளாரா பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊற்ற, இன்ஜின் சில நொடிகள் ஓடியது!

இதைப் படிச்சுட்டு ஸ்பேனரோட கிச்சனுக்குள்ள போயிடாதீங்க பாஸ். ஃபோர்டின் இன்ஜின் ஓடணும், அவ்வளவுதான். உங்க கார், குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஹைவேஸ்ல நூறு கிலோமீட்டர் வேகத்துல போகணும். ஆனாலும், செகண்ட் ஹேண்ட் கார் வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஒருநாள் நடுவழியில் அந்தச் சோதனை வரும். அப்போ எதை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு தெரிஞ்சிருந்தா நல்லது.

முதலில் நிஜமாகவே வீட்டில் செய்யக்கூடிய ஒரு பார்ட். கேஸ்கெட். நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'பேக்கிங்'னு சொல்வாங்க. ரெண்டு உலோகத் துண்டுகள் சேரும் இடத்தில் தண்ணியோ, ஆயிலோ கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் தாள். குக்கர் மூடியில் இருக்கும் ரப்பர் செய்கிற அதே வேலை. தெர்மோஸ்டாட் ஹவுஸிங் மாதிரி கூலன்ட் மட்டும் போகிற இடங்களில், பழைய மாடல் கார்கள் பலவற்றில் வெறும் பேப்பர் பேக்கிங்தான் இருக்கும். அது கிழிஞ்சா, கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டையை வெச்சே சமாளிக்கலாம்.

இன்ஜின் முழுசா ஆறட்டும். கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் பிடிச்சு, மூடி வெச்சிடுங்க. லேசான இனிப்பு இருக்கிறதால தெருநாய்கள் நக்கிடும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் உயிரையே எடுத்துடும். அப்புறம் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைக் காலாவதியான ஏ.டி.எம் கார்டால் சுரண்டுங்க. கத்தி வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழுந்தா அது வழியாவே கசியும். இப்போ அந்த உலோக முகத்தில் லேசா கிரீஸ் தடவி, அட்டையில் அழுத்தி எடுங்க. ஸ்டாம்ப் குத்தின மாதிரி அச்சு அப்படியே விழும். அந்தக் கோட்டில் வெட்ட வேண்டியதுதான். சின்ன போல்ட் ஓட்டைகளுக்கு ஆபீஸ் பஞ்சிங் மெஷினே போதும். இதில் முக்கியமான விஷயம் கனம். புது அட்டை, பழைய பேக்கிங் இருந்த கனத்திலேயே இருக்கணும். ரெண்டு பக்கமும் மெல்லிசா கிரீஸ் தடவி வெச்சு, போல்ட்களை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரே பக்கத்தை முழுசா முறுக்கினா ஹவுஸிங்கே விரிசல் விடும்.

இது வீட்டிலிருந்து ஒர்க் ஷாப் வரைக்கும் போவதற்கான ஏற்பாடு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பேக்கிங் ஷீட்டே கிடைக்கும். அதை வாங்கி இதே முறையில் வெட்டினால் இன்னும் நல்லது. புது மாடல் கார்களில் பெரும்பாலும் ரப்பர் வளையம்தான் இருக்கும், அங்கே அட்டை வேலைக்கு ஆகாது. இன்ஜின் ஹெட் பக்கம் மட்டும் இந்த வித்தையைக் காட்டிடாதீங்க. பெட்ரோல் எரியும்போது உள்ளே வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். அட்டை எம்மாத்திரம்?

ரேடியேட்டருக்கு மஞ்சள் பூசலாமா?

லாரி டிரைவர்கள் காலங்காலமா செய்யும் வைத்தியம் இது. ரேடியேட்டர் லேசா ஒழுகினால் ரெண்டு ஸ்பூன் மஞ்சள் தூள். நிஜமாவே வேலை செய்யும். தூள் தண்ணியில் கரையாம சுத்திச் சுத்தி வந்து, ஓட்டையில் போய் அடைச்சுக்கும். சிக்கல் என்னன்னா, எது ஓட்டை, எது ரேடியேட்டரோட மெல்லிய குழாய்னு மஞ்சளுக்குத் தெரியாது! ரெண்டையும் அடைக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் மொத்தத்தையும் ஃப்ளஷ் பண்ணாம விட்டா, அடுத்த மாசம் ஓவர் ஹீட் ஆகி இன்ஜின் ஜாம் ஆகும். மிச்சம் பிடிச்ச காசைவிடப் பல மடங்கு அங்கே போகும்.

தூள் போடுறதுக்காகச் சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க. உள்ளே இருப்பது பிரஷர்ல இருக்கும் தண்ணி, 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். விசில் அடங்காத குக்கரைத் திறந்தா என்ன ஆகுமோ, அதேதான் உங்க முகத்துக்கும்.

ஹோஸ் பைப்பில் கீறலா? பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, நல்லா இழுத்து இழுத்துச் சுத்தினா பத்து, இருபது கிலோமீட்டர் மெதுவா போயிடலாம். ஆனா, இதே டியூபை பெட்ரோல் பைப்பில் சுத்தாதீங்க. பெட்ரோல் பட்டால் ரப்பர் ஊறி உப்பிடும், சொட்டு பக்கத்திலிருக்கும் சைலன்ஸர் சூட்டில் விழும். பெட்ரோல் டேங்க்கில் ஊசித்துளை அளவு கசிவுன்னா, துணி துவைக்கும் சோப்பை அழுத்தித் தேய்ப்பாங்க. சோப்பு தண்ணியில்தான் கரையும், பெட்ரோலில் கரையாது. சிம்பிளான கெமிஸ்ட்ரி.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு ஆப்ப சோடா சூப்பர் மருந்து. முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிட்டு, சோடாவைத் தண்ணியில் குழைச்சு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ங்க. ஆசிட் முறிஞ்சு நுரை வரும். கலவை பேட்டரிக்குள் மட்டும் போகக் கூடாது. துடைச்சு, காஞ்சதும் வாசலின் தடவுங்க. பேட்டரிக்குள் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்; ஆர்.ஓ தண்ணியிலும் உப்பு இருக்கு.

ஃப்யூஸில் விளையாடாதீங்க!

சிகரெட் பாக்கெட் ஜிகினா பேப்பரைச் சுத்தி ஃப்யூஸ் போடுற ஐடியா, எல்லாத்திலும் மோசமானது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அளவைத் தாண்டினா தானே உருகிச் சாகத்தான் ஃப்யூஸ் இருக்கு. ஜிகினா எப்போ உருகும்னு யாருக்கும் தெரியாது. அதுக்குள்ள ஒயர் உருகிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் பத்தும் தீ கண்ணில் படவே நேரமாகும். டீ, வடை காசுக்குக் கிடைக்கும் ஃப்யூஸ் நாலை வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைங்க.

ஏர் ஃபில்டருக்குப் பதிலா பழைய பனியன் துணி வைக்கிறவங்களும் இருக்காங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்றை இன்ஜின் உறிஞ்சும். அத்தனை காற்றில் வரும் புழுதியும் துணியைத் தாண்டி சிலிண்டருக்குள் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். காசுதான் பிரச்னைன்னா, சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டை இருக்கே! கழற்றி வித்த ஒரிஜினல் பார்ட்ஸ் பாதி விலைக்கும் கீழே கிடைக்கலாம். போகும்போது பழைய பார்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, பக்கத்துல வெச்சுப் பார்த்து வாங்க வசதியா இருக்கும்.