கல்வாழை: இதழ் போலத் தோன்றும் மகரந்தத்தாள்கள்

பூங்காப் பாத்திகளிலும், குளியலறை நீர் வந்து தேங்கும் வீட்டுக் கொல்லைகளிலும் ஆளுயரத்துக்கு வளர்ந்து சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் பூக்கும் கல்வாழை, வாழையும் இஞ்சியும் அடங்கிய வரிசையைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரமாகும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்கு, லின்னேயஸ் 1753இல் ‘கன்னா இண்டிகா’ என்று அறிவியல் பெயர் சூட்டினார்.

இதன் பூவில் பகட்டாக விரிந்திருப்பவை இதழ்கள் அல்ல. உண்மையான அல்லி இதழ்கள் மூன்றும் குறுகலாகவும் நிறம் மங்கியும் அடியில் ஒதுங்கியிருக்க, மகரந்தம் உண்டாக்கும் திறனை இழந்து அகன்று வண்ணமேறிய மலட்டு மகரந்தத்தாள்களே இதழ்களைப் போலக் காட்சியளிக்கின்றன. வளமான மகரந்தத்தாள் ஒன்றே ஒன்று; அதிலும் ஒரு பாதி இதழாக மாறிவிட, விளிம்பில் ஒட்டியுள்ள அரை மகரந்தப்பை மட்டுமே மகரந்தத்தைத் தருகிறது. இவ்வமைப்பின் காரணமாகப் பூவை எப்பக்கம் வெட்டினாலும் இரு சமபாதிகள் கிடைப்பதில்லை. மொட்டு விரியும் முன்பே மகரந்தம் தட்டையான சூலகத்தண்டின் மேல் படிந்துவிடுவதால், தேன் நாடி வரும் உயிரினம் அதைத் தண்டிலிருந்தே எடுத்துச் செல்கிறது.

முட்கள் போன்ற மென்மையான புடைப்புகள் கொண்ட காய் மூன்று அறைகளாகப் பிரிந்து, துப்பாக்கி ரவையைப் போன்ற கரிய, உருண்ட விதைகளைத் தருகிறது. நீர் எளிதில் புகாத கடினமான உறை இவ்விதைகளுக்கு நீண்ட ஆயுளை அளிக்கிறது. அர்ஜென்டினாவில் பழங்காலக் கல்லறை ஒன்றில் கிடைத்த கிலுகிலுப்பையின் கொட்டையோட்டுக்குள் அடைபட்டிருந்த, ஏறத்தாழ 600 ஆண்டுப் பழமையான கல்வாழை விதை ஒன்று முளைத்தது இதற்குச் சான்றாகும். எனவே விதையிலிருந்து செடி வளர்க்க விரும்புவோர், உப்புத்தாளால் மேலுறையைச் சற்றுத் தேய்த்து நீரில் ஊறவைத்த பின்னரே விதைக்க வேண்டும்.

மண்ணுக்கடியில் கிடைமட்டமாகப் படர்ந்து உணவைச் சேமிக்கும் மட்டநிலத்தண்டில் மாவுச்சத்து மிகுதி. இதன் மாவுமணிகள், வெறுங்கண்ணுக்கே தென்படும் அளவுக்குப் பெரியவை. ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் இக்கிழங்கை ‘அச்சிரா’ என்ற பெயரில் நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். வியட்நாமில் இம்மாவிலிருந்து கண்ணாடி போன்ற சேமியா செய்யப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்கலைஞர்கள் உருவாக்கிய கலப்பினங்களின் வழிவந்தவையே இன்றைய பெரும்பூ வகைகள். அவற்றுள் பல சரிவர விதை தராததால், கிழங்கைத் துண்டாக்கி நடுவதே வழக்கம். ஈரமண்ணில் செழித்து, கழிவுநீரிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளை உறிஞ்சும் இயல்பால், செயற்கைச் சதுப்புநிலச் சுத்திகரிப்பு அமைப்புகளிலும் இது நடப்படுகிறது. கொல்லையில் நீர் தேங்கும் இடம் உள்ளவர்களுக்கு, அழகும் பயனும் ஒருங்கே தரும் இதைவிட எளிய செடி கிடைப்பது அரிது.