பாஸ்வேர்டைக் காப்பாற்றும் நாலு வரி! - பைத்தான் கையேட்டின் கதை

தாயக்கட்டை உருட்டும் புரோகிராமை வைத்தே பாஸ்வேர்டும் உருவாக்கினால் என்ன ஆகும்? ஆபத்துதான். அதை புரோகிராமருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது கையேட்டின் வேலை.

நம் ஊர் ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் இருக்கும் 'பைத்தான்' மொழியை 1991-ல் வெளியிட்டவர் கைடோ வான் ராசம். அதை இன்ஸ்டால் செய்தால், தேதி கணக்கிட, ஃபைலைச் சுருக்க எனப் பல ரெடிமேட் மாட்யூல்களும் கூடவே வரும். இந்தத் தொகுப்புதான் 'ஸ்டாண்டர்டு லைப்ரரி'. எதை எப்படிப் பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தக் கூடாது என்று விளக்கும் கையேட்டைத் தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து பராமரிக்கிறார்கள்.

அதில் 'எங்கே கூடாது' என்பதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. உதாரணம், 'ரேண்டம்' மாட்யூல். விளையாட்டுக்கு அது கச்சிதம். ஆனால், அது அடுத்தடுத்துத் தரும் 624 எண்கள் முழுதாகக் கிடைத்துவிட்டால், அடுத்து வரப்போகும் எண்களைக் கணித்துவிடலாம். பாஸ்வேர்டுக்கு இது சரிவராது என்று கையேடும் எச்சரித்தது. ஆனால், மருந்து அட்டையின் பொடி எழுத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள்? அவசரத்தில் இருப்பவர்கள் உதாரணத்தை மட்டும் காப்பி செய்துகொண்டு போனார்கள்.

2015-ல் 'ஓபன்பிஎஸ்டி' நிறுவனர் தியோ டி ராட் இந்தக் கவலையை கைடோவிடம் கொண்டுசென்றார். எச்சரிக்கை மட்டும் போதாது என்று முடிவானது. ஸ்டீவன் டி'அப்ரானோவின் முன்மொழிவுப்படி, 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில் 'சீக்ரெட்ஸ்' என்ற மாட்யூல் சேர்ந்தது. இன்று ரேண்டம் பக்கத்தின் அறிமுகத்திலேயே எச்சரிக்கையும், சீக்ரெட்ஸுக்கு லிங்க்கும் இருக்கின்றன. அங்கே போனால், காப்பி செய்பவர்களுக்காகவே பாதுகாப்பான பாஸ்வேர்டு உதாரணம் தயார்!

உதாரணங்களும் பிசகக் கூடாதே? அவற்றை ஓட்டிப் பார்த்து, விடை பொருந்துகிறதா என்று சோதிக்க 'டாக்டெஸ்ட்' என்ற கருவி உண்டு. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் 19 பழைய மாட்யூல்கள் நீக்கப்பட்டன. அவற்றைத் தேடி வருபவர்கள் திண்டாடக் கூடாதென, கடைசியாக எந்தப் பதிப்பில் இருந்தது என்ற தகவலைக் கையேடு சொல்கிறது.

கையேட்டில் ஒரு வாக்கியம் உங்களைக் குழப்புகிறதா? 'கிட்ஹப்' தளத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பெரிய புரோகிராமராக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது, புதிதாகப் படிப்பவருக்குத்தானே நன்றாகத் தெரியும்!