ஒரே தட்டில் உண்ணும் ஞாயிறுகள்

மார்கழி மாதத்து முன்னிரவிலே கீழ்வானை நோக்குவோர்க்குக் கார்த்திகைக் கூட்டமும், அதன் கீழே செந்நிற உரோகிணியும் எளிதிற் புலப்படும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதியிலே, வெறுங் கண்ணுக்குத் தோன்றாத ஓர் இளம் உடு உண்டு. 1852ஆம் ஆண்டில் ஜோன் ரசல் ஹைண்ட் என்னும் ஆங்கில வானியலாளர் கண்ணுற்ற அவ்வுடுவை 'ரி தௌரி' என்பர். நூற்றாண்டுக்கு மேலாக அது தனியோர் உடுவென்றே கருதப்பட்டது. தூசியினூடே ஊடுருவும் வெப்பக் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தோர், அதன் அருகே மறைந்திருந்த துணையொன்றை 1982இல் அறிவித்தனர். அத்துணையும் ஓர் இரட்டையே என்பது 2000ஆம் ஆண்டளவிற் புலனாயிற்று.

இஃது அரிய செய்தியன்று. நம் ஞாயிற்றையொத்த உடுக்களுள் ஏறத்தாழப் பாதிக்குத் துணை உண்டு; தனித்திருக்கும் நம் ஞாயிற்றையே வழக்கமெனக் கொள்வது நம் பழக்கத்தின் பிழை. குளிர்ந்த வாயு முகில் தன் ஈர்ப்பினாற் சுருங்குங்கால் அதன் சுழற்சி விரைவடைகின்றது. விரையவே, மையத்திலுள்ள குழவி உடுவைச் சூழ்ந்து வாயுவும் தூசியும் தட்டையாகப் பரவுகின்றன. அத்தட்டே உடுவின் உணவு; பின்னர்க் கோள்கள் விளையும் நிலமும் அதுவே. முகிலே பிளவுண்டு உடுக்கள் பல தோன்றுதலும் உண்டு. தட்டின் சுருட்கையொன்று திரண்டு புதிய உடுவாதலும் உண்டு. பின்னைய வகையினது எனக் கருதப்படும் மும்மைக் குழவித் தொகுதியொன்றின் படத்தைச் சிலி நாட்டின் அல்மா வானொலித் தொலைகாட்டிகள் எடுத்தன. அது 2016இல் வெளியாயிற்று.

தட்டிலுள்ள பொருள் உடுவில் வீழ வேண்டுமாயின், தன் சுழற்சியை எங்கேனும் கழித்தல் வேண்டும். காந்தப்புலத்தின் துணையால் அப்பொருளில் ஒரு பங்கு, தட்டுக்குச் செங்குத்தாக, செக்கனுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் இருபுறமும் பீறிடுகின்றது. ஆதலின், பாய்ச்சலின் திசையைக் கண்டால் தட்டின் சாய்வை உய்த்துணரலாம். ரி தௌரியிலே ஒரு பாய்ச்சல் கிழக்கு மேற்காகவும், மற்றையது ஏறத்தாழ வடக்குத் தெற்காகவும் செல்கின்றது. உடன்பிறந்தவையாயினும் தட்டுகள் ஒரு தளத்தில் இல்லை!

இதனை வகுப்பிலே கூறியபொழுது மாணவனொருவன், "அப்படியாயின் மூத்தது இளையதற்கு ஒன்றும் விட்டுவையாதோ?" என வினவினான். வகுப்பு நகைத்தது, நாம் நகைக்கவில்லை. இரு உடுக்கள் ஒன்றையொன்று சுற்றுங்கால், அவை தம்மைச் சூழ்ந்த பெருந்தட்டின் நடுப்பகுதியை வெறுமையாக்கிவிடுகின்றன. எஞ்சிய வளையத்திலிருந்து மெல்லிய இழைகளாகவே வாயு உள்ளே வருகின்றது. கணிப்புகளின்படி, அதிற் பெரும்பங்கைப் பலவேளைகளிற் பெறுவது நிறை குறைந்த உடுவே. அது பொதுமையத்தினின்றும் விலகி, வளையத்தின் உள்விளிம்பை அண்மித்து ஓடுகின்றதன்றோ?

உரோகிணிக்கு மிக அருகே தோன்றும் 'ஜீஜீ தௌரி' இதற்குச் சான்று. அண்மை தோற்றமளவே, உரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவினது, இதுவோ ஏறத்தாழ 450 ஒளியாண்டு. இதன் நடுவிலுள்ள உடுக்களைப் பெருவளையமொன்று சூழ்ந்துள்ளது. உள்ளே முதன்மை உடுவைச் சுற்றியுள்ள சிறுதட்டின் நிறை வியாழனின் நிறையளவே. உடு அதனை உண்ணும் விரைவைக் கணக்கிட்டால், சில ஆயிரம் ஆண்டுகளில் அது தீர்ந்திருத்தல் வேண்டும், ஆயினும் தீரவில்லை. வெளிவளையத்தினின்றும் உள்ளே பெயரும் வாயுவை 2014இல் அல்மா காட்டியபொழுதே அவ்வியப்புக்கு விடை கிடைத்தது.

இவ்வூட்டம் அறுந்தால் கோள்கள் உருவாகக் காலம் போதாது. அறாத இடமும் உண்டென்பதற்கு, 2011இல் கெப்ளர் விண்தொலைகாட்டி கண்டறிந்த கோளொன்று சான்று. சனியை நிகர்த்த அக்கோள், 41 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரு ஞாயிறுகளையும் சேர்த்து 229 நாளில் வலம் வருகின்றது.