சிரிப்பா, சிறுமையா?

சிரிக்கத்தானே காட்டினோம், சினம் ஏன் என்பார்கள். யாரைக் காட்டிச் சிரித்தார்கள்? அதைக் கேட்போம், தோழர்களே!

அமெரிக்காவில் 'ஏமாஸ் அண்ட் ஆண்டி' என்றொரு நாடகம். 1928-இல் வானொலியில் பிறந்தது. கறுப்பராகக் குரல் கொடுத்தவர்களோ இரு வெள்ளையர்! 1951-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு வந்தது. நடித்தோர் கறுப்பினக் கலைஞர்; வார்ப்போ பழைய வார்ப்பு! வழக்கறிஞன் என்றால் வஞ்சகன், மருத்துவன் என்றால் போலி, மற்றவன் உழைக்க அஞ்சும் சோம்பேறி என்று காட்டுவதா எனக் கொதித்தெழுந்தது என்.ஏ.ஏ.சி.பி. என்னும் உரிமைச் சங்கம். நிறுத்துக என்று முழங்கிற்று.

கிடைத்த வேலையும் போகுமே என்று நடிகர் சிலர் கலங்கினர். அந்தக் கலக்கத்தை நாம் எள்ளி நகையாடோம், பசி பொய்யல்ல. ஆனால் சோற்றுக்கு விலையாக இனத்தின் மானத்தைக் கேட்டது யார்? குற்றம் நடித்தவனுடையதா, வேறு வேடமே தராதவனுடையதா?

வெள்ளையரிலும் கோமாளி உண்டு. கூடவே நீதிபதியும் வீரனும் அறிஞனும் உண்டு. கறுப்பருக்கோ அன்றைய திரையில் பெரும்பாலும் கோமாளி வேடம், இல்லையேல் வேலைக்காரி வேடம்! அதுதான் கொடுமை.

1953-இல் சி.பி.எஸ். வலையமைப்பில் ஒளிபரப்பு நின்றது. பழைய படங்களோ 1966 வரை ஓடின. பதினைந்தாண்டுப் போராட்டம்! ஏளனம் ஒரே நாளில் சாவதில்லை. எதிர்ப்போர் சோராதிருந்தால், சாகாமலும் போவதில்லை!