மாட வீதியில் மனுநீதிச் சோழன்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கார் நிறுத்த இடம் தேடி மூன்றாம் முறை சுற்றியபோது பாரி வள்ளல் நினைவுக்கு வந்தார். முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுச் சென்றவருக்கு இன்றானால் அபராதச் சீட்டு உறுதி.

ஆனால் என்னை உறுத்துபவன் திருவாரூர் இளவரசன் வீதிவிடங்கன். அவன் தேர்க்காலில் கன்று மாண்டதால், மனுநீதிச் சோழன் மகன்மீது தானே தேரைச் செலுத்தினான் என்கிறது பெரியபுராணம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் நோக்கு வேறு. சிறார் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோரும் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவர்; 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வீதிவிடங்கன் பதினெட்டு நிரம்பாதவன் என்றால், இன்று கூண்டேற வேண்டியவர் தேரைக் கொடுத்த மன்னரே.

சென்ற வாரம் லஸ் முனையில் பள்ளிச் சீருடையணிந்த சிறுவன் ஸ்கூட்டர் ஓட்டிப் போனான். பின்னிருக்கையில் அவன் தந்தை, கைப்பேசியில் பேசியபடி.